மெல்பர்ன் சுங்கச் சோதனையில் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, எந்த ஆங்கிலம் உதவும்?

பட்டர்வொர்த் டீச்சர்:

வணக்கம். மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தமிழும் மலாயும் எனக்குத் தடையின்றி வரும். ஆங்கிலத்தை எழுத்தில் கண்டால் பொருள் விளங்கிவிடும். ஆனால் எதிரில் நிற்பவர் வேகமாகப் பேசினால் வாய் கட்டிப்போகும். அடுத்த மாதம் மெல்பர்னில் உள்ள மகளிடம் செல்கிறேன். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருக்கிறது.

இதற்கு முன்பு இரண்டு முறை சென்றபோதும் என் கணவர் உடன் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அதிகாரிகளிடம் அவரே பேசிவிடுவார். நான் கைப்பையை அணைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றிருப்பேன். இம்முறை அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால், பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஏறி, கோலாலம்பூரில் விமானம் மாறி, மெல்பர்ன் வரை நான் தனியாகவே போக வேண்டும்.

குடிநுழைவு முகப்பில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு மகள் பதில் எழுதி அனுப்பிவிட்டாள். அச்சமெல்லாம் பெட்டியை எடுத்த பிறகு வரும் சுங்கச் சோதனையைப் பற்றித்தான். சென்ற முறை எங்களுக்கு முன்னால் நின்ற நம் இனத்து மூதாட்டி ஒருவரிடம் அதிகாரி ஏதோ கேட்டார். அவரும் சிரித்த முகத்தோடு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். அதன் பிறகு அவருடைய பெட்டியிலிருந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்து மேசைமேல் பரப்பிவிட்டார்கள். அவரிடம் என்ன கேட்டார்கள், அவர் எங்கே தவறினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் கொண்டுபோக நினைப்பவை பெரும்பாலும் பத்தியச் சாமான்கள்: சுக்கு, மிளகு, பூண்டு, சீரகம், வெந்தயம், பெருங்காயம், வீட்டில் கிண்டிய பிரசவ லேகியம். இவற்றோடு முறுக்கு, நெத்திலிக் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், பினாங்கு ஜாதிக்காய் ஊறல், குழந்தைக்குத் தங்கக் காப்பு, பூசைக்கு விபூதி ஆகியவையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன பெயர் சொல்வது, கேள்வி புரியாவிட்டால் என்ன செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செந்தூல் ஓய்வாசிரியர்:

வணக்கம், சகோதரி. நான் கோலாலம்பூரில் இடைநிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவன். அந்த மூதாட்டியிடம் கேட்கப்பட்ட கேள்வியை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. "யூ டோன்ட் ஹேவ் எனி ஃபூட் வித் யூ?" என்பது போன்ற எதிர்மறைக் கேள்வியாக அது இருந்திருக்கும். "உணவு எதுவும் இல்லையே?" என்று யாராவது நம்மிடம் தமிழில் கேட்டால், "ஆமாம், இல்லை" என்போம், கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த "ஆமாம்". மலாயிலும் "யா, தாக் அடா" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் இந்தக் கணக்கு வேறு. அங்கே "யெஸ்" என்றால் அந்தச் சாமான் இருக்கிறது, "நோ" என்றால் அது இல்லை. கேள்வி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் பதில் பெட்டியில் உள்ளதைப் பொறுத்ததே. படிவத்தில் "நோ" என்று எழுதிவிட்டு வாயால் "யெஸ்" என்று சொல்பவரை அதிகாரி சந்தேகிக்காமல் வேறென்ன செய்வார்?

இதிலிருந்து தப்ப நான் என் மாணவர்களுக்குச் சொல்லிவந்த வழி, "யெஸ்" அல்லது "நோ" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் இருப்பதுதான். "ஐ ஹேவ் சம் ஃபூட்" என்றோ, "ஐ ஹேவ் நோ மீட்" என்றோ முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை. இலக்கணம் சற்றுப் பிசகினாலும் பரவாயில்லை. நம் ஊர் வழக்கில் "காட் ஃபூட்" என்று சொன்னால்கூட அவர்களுக்குப் புரிந்துவிடும். "யெஸ்" மட்டும் சொல்வதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

இதே கண்ணி இன்னொரு வடிவிலும் வரும். "வுட் யூ மைண்ட் ஓப்பனிங் யுவர் பேக்?" என்று மிகப் பணிவாகக் கேட்பார்கள். அதன் நேர்ப்பொருள், "பெட்டியைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்பது. அதற்கு நாம் "யெஸ்" என்றால், ஆட்சேபம் உண்டு என்று சொன்னதாகிவிடும். "ஷூர், பிளீஸ் கோ அஹெட்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தால் போதும். ஆஸ்திரேலியர்களுக்கென்று ஒரு பேச்சு முறையும் இருக்கிறது. "ஐ வில் ஜஸ்ட் கெட் யூ டு பாப் யுவர் பேக் அப் ஹியர்" என்று சொன்னால், அந்த "பாப்" என்ற சொல்லைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். பெட்டியைத் தூக்கி இந்த மேசைமேல் வையுங்கள் என்பதுதான் பொருள். கட்டளையை வேண்டுகோள்போலப் பேசுவது அவர்கள் வழக்கம்.

இனி "டிக்ளேர்" என்ற சொல்லுக்கு வருகிறேன். நம்மவர்களில் பலர் இதைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே எண்ணி அஞ்சுகிறார்கள். என்னிடம் இது இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று தெரிவிப்பது மட்டுமே அது. விமானத்தில் தரப்படும் ஆஸ்திரேலிய வருகை அட்டையை ஆங்கிலத்தில், நீல அல்லது கறுப்பு மையால் நிரப்ப வேண்டும்; ஐயமிருந்தால் "யெஸ்" என்பதைக் குறியுங்கள் என்று அந்த அட்டையே சொல்கிறது. தெரிவித்த பொருள் அனுமதிக்கப்படாததாக இருந்தால் அதை எடுத்துக்கொள்வார்கள், அதற்காகத் தண்டம் விதிக்க மாட்டார்கள். தெரிவிக்காமல் பிடிபட்டால் கதை வேறு. 2019 அக்டோபரில் சிட்னி விமான நிலையத்தில் பன்றி இறைச்சி முதலிய உணவுப் பொருள்களைத் தெரிவிக்காமல் கொண்டுவந்த வியட்நாமியப் பயணி ஒருவரின் விசாவை அங்கேயே ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். நியூசிலாந்தில் ஓர் ஆப்பிளை மறந்துபோய்ப் பையில் வைத்திருந்தாலும் 400 நியூசிலாந்து டாலர் தண்டம் கட்ட நேரிடும்.

அட்டையில் கேள்விகள் எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால், சிலர் மேலிருந்து கீழ்வரை ஒரே பக்கமாகக் குறித்துக்கொண்டே போவார்கள். உணவைப் பற்றிக் கேட்கும் அதே அட்டை, காசநோய் உண்டா, குற்றத் தீர்ப்பு உண்டா என்றும் கேட்கிறது. ஒவ்வொரு வரியையும் நிறுத்திப் படியுங்கள். படிப்பதில் உங்களுக்குச் சிரமமில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

புக்கிட் மெர்தாஜாம்காரன்:

எதற்கு இந்தத் தலைவலி, டீச்சர்? மெல்பர்னில் கிடைக்காத மளிகைச் சாமான் எதுவும் இல்லை. டாண்டினோங் பக்கம் போனால் நம் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றுக்கும் "நோ" என்று குறித்துவிட்டு வெளியே நடந்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆங்கிலம் பேச வேண்டிய தேவையே இதுவரை வந்ததில்லை.

ஆயர் ஈத்தாம் மகள்:

மேலே எழுதியுள்ள அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மறுபாதி ஆபத்து. உணவே கொண்டுபோகாதவரும் "நோ" என்று கண்ணை மூடிக்கொண்டு குறிக்க முடியாது. அட்டையில் விதைகள், மரப் பொருள்கள், மண் ஒட்டிய காலணிகள், கடந்த 30 நாள்களில் பண்ணைக்குச் சென்றது ஆகியவற்றையும் கேட்கிறார்கள். என் அம்மா பெர்த்தில் இருக்கும் அண்ணனிடம் ஆண்டுதோறும் போகிறவர். ஒரு முறை அவர் கழுத்திலிருந்த ருத்திராட்ச மாலையைப் பார்த்த அதிகாரி, "வாட் இஸ் திஸ் மேட் ஆஃப்?" என்று கேட்டிருக்கிறார். அது ஒரு விதை என்பது அம்மாவுக்கு அந்த நொடி வரை தோன்றவே இல்லை. "பிரேயர் பீட்ஸ், மேட் ஃப்ரம் சீட்ஸ்" என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்; தெரியாததால் அரை மணி நேரம் நின்றார். சந்தன மாலை, மர முறுக்கு உழக்கு, மரச்சட்டம் போட்ட சாமி படம் எல்லாம் மரப் பொருள்களே. விமானத்தில் கொடுக்கும் பழத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது.

டீச்சர், உங்கள் பட்டியலை நான் என் அம்மாவின் பட்டியலாக நினைத்துப் பார்த்தேன். முதலில், எவற்றை வீட்டிலேயே வைத்துவிடுவது என்று சொல்கிறேன். பச்சைப் பூண்டு வேண்டாம். காய்கறியாகவே அதைப் பார்ப்பார்கள். சீரகமும் வேண்டாம். கப்ரா என்னும் தானிய வண்டு உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக, 2020 முதல் சீரகம், கொத்தமல்லி விதை, சோம்பு, காய்ந்த மிளகாய், அரிசி, பருப்பு வகைகள் ஆகியவற்றைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவருவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். இந்த வகையில் டாண்டினோங் கடைகள் என்று அண்ணன் சொன்னது சரியான யோசனைதான். நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை: கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் செருகும் பழக்கம் உங்களுக்கு இல்லையே? எங்கள் வீட்டில் இருந்தது. கறிவேப்பிலை, எலுமிச்சையும் ஆரஞ்சும் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி. அந்த மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதிலும் குடியிருக்கும். ஆஸ்திரேலியாவில் அந்த நோய் இல்லை. ஒரு கொத்து இலைக்காக அவர்கள் ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மீதியுள்ளவற்றுக்குப் பெயர் சொல்வதில் ஒரு முறை உண்டு. நம் பெயரைச் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. "முறுக்கு" என்றால் அவருக்கு என்ன தெரியும்? எதனால் ஆனது, எப்படிச் செய்தது, எதற்கு என்று மூன்றையும் சொல்லிவிட வேண்டும். முறுக்கு "ஃப்ரைட் ஸ்நாக், மேட் ஃப்ரம் ரைஸ் ஃப்ளவர்". சுக்கு "டிரைட் ஜிஞ்சர்", மிளகு "பிளாக் பெப்பர்", வெந்தயம் "ஃபெனுகிரீக் சீட்ஸ், ஃபார் குக்கிங்". அந்த "ஃபார் குக்கிங்" முக்கியம், ஏனென்றால் விதை என்றதும் அவர்கள் மனத்தில் நடவுதான் தோன்றும். வெந்தயத்தைக் கொண்டுபோக விடுவார்களா என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார். நீங்கள் அதை மறைக்காமல் காட்டினால் போதும். பெருங்காயத்தின் ஆங்கிலப் பெயர் நாக்கைச் சுளுக்கிவிடும். "எ ஸ்பைஸ், டிரைட் பிளான்ட் கம், ஸ்ட்ராங் ஸ்மெல்" என்று சொல்லிவிடுங்கள், மணமே மீதியைச் சொல்லிவிடும். நெத்திலியை "இக்கான் பிலிஸ்" என்று நாம் நினைத்தாலும் வாயில் "டிரைட் ஆன்சோவிஸ், ஃபிஷ்" என்றுதான் வர வேண்டும். ஊறுகாயை வெறும் "பிக்கிள்" என்றால் அவர்கள் வெள்ளரிப் பிஞ்சைக் காடியில் போட்டதை நினைத்துக்கொள்வார்கள். "லைம் பிக்கிள், இன் ஆயில் அண்ட் சால்ட்" என்று விரித்துச் சொல்லுங்கள். ஜாதிக்காய் ஊறலுக்கு "நட்மெக் ஃப்ரூட், பிரிசர்வ்ட் இன் ஷுகர்". ஊறுகாயைக் கைப்பையில் வைக்க வேண்டாம்; 100 மில்லி வரம்பு அதற்கும் பொருந்தும் என்பதால் கோலாலம்பூரிலேயே எடுத்துவிடுவார்கள்.

"இஸ் இட் ஹோம்மேட்?" என்று கட்டாயம் கேட்பார்கள். கடையில் வாங்கி முத்திரையுடன் இருப்பவற்றை ஒரு பையிலும், வீட்டில் செய்தவற்றை இன்னொரு பையிலும் பிரித்து வைத்திருந்தால், "திஸ் பேக் இஸ் ஹோம்மேட், திஸ் பேக் இஸ் ஃப்ரம் த ஷாப்" என்று இரண்டு வாக்கியத்தில் பெட்டி முழுவதையும் விளக்கிவிடலாம். உணவுப் பைகளைப் பெட்டியின் மேலேயே வையுங்கள். புடவைக்கு அடியில் ஊறுகாய் இருந்தால் ஒளித்து வைத்ததுபோலத் தெரியும்.

காப்பு விஷயத்தில், பரிசுப் பொருளுக்குக் கணக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பரிசுகளும் நகைகளும் சேர்ந்து ஒருவருக்கு 900 ஆஸ்திரேலிய டாலர் வரைதான் வரியின்றிக் கொண்டுபோகலாம். "ஹவ் மச் இஸ் இட் வர்த்?" என்று கேட்டால் ரிங்கிட்டில் சொல்லாமல் ஆஸ்திரேலிய டாலரில் சொல்லும்படி கணக்கிட்டு, நகைக்கடை ரசீதின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் டீச்சர்:

இருவருக்கும் மிக்க நன்றி; புக்கிட் மெர்தாஜாம் தம்பிக்கும்தான். ஈரத்துணியில் கறிவேப்பிலை என்று படித்ததும் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். சென்ற முறை அதைச் சுற்றி வைத்தது நான், விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் வெளியே எடுத்துப் போட்டவர் அவர் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். நான் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதத்துக்கு வேண்டியவற்றைக் கொண்டுபோக வேண்டும். மேலும், எவ்வளவு தயார் செய்துகொண்டாலும் அந்த நேரத்தில் கேள்வி காதில் விழாமல் போனால் என்ன சொல்வது?

பிரிக்பீல்ட்ஸ் மருந்தாளர்:

அம்மா, வணக்கம். மருந்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது ஒரு சொல்லைப் பற்றித்தான். நம் ஊர் மருத்துவமனைகளில் மருந்தை "டிரக்" என்று சொல்லிப் பழகியவர்கள் உண்டு. சுங்கச் சோதனையில் அந்தச் சொல் போதைப்பொருளையே குறிக்கும். "மெடிசின்" என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் பயன்படுத்த வேண்டாம். "திஸ் இஸ் மை மெடிசின், ஃபார் டயபடீஸ் அண்ட் பிளட் பிரஷர். ஐ ஹேவ் எ டாக்டர்ஸ் லெட்டர்." இந்த இரண்டு வாக்கியங்களைக் கண்ணாடி முன்னால் நின்று பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவு மருந்தை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகலாம். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயர் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) உள்ளபடியே இருக்கட்டும். என் கடைக்கு வருகிறவர்களில் பலர் இடம் மிச்சம் பிடிப்பதற்காக மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பெயரில்லாத வெள்ளை மாத்திரை எது என்பதை எவ்வளவு நல்ல ஆங்கிலம் தெரிந்தவராலும் விளக்க முடியாது. மருந்துப் பையைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் நீங்கள் தவிக்க வேண்டியதில்லை.

கேள்வி புரியாவிட்டால், "சாரி, குட் யூ சே தட் அகெயின், ஸ்லோலி பிளீஸ்?" என்று கேளுங்கள். "ஆ?" என்று கேட்பது நமக்கு இயல்பு என்றாலும், அவர்கள் காதில் அது முரட்டுத்தனமாக விழும். இரண்டாம் முறையும் புரியவில்லை என்றால் ஊகித்துத் தலையாட்ட வேண்டாம். "மை இங்கிலீஷ் இஸ் லிமிடெட். ஐ ஸ்பீக் தமிழ். மே ஐ ஹேவ் அன் இன்டர்பிரட்டர், பிளீஸ்?" என்று சொல்லுங்கள். அந்நாட்டு அரசு தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்புச் சேவை நடத்துகிறது. அதில் தமிழும் உண்டு. தமிழ் என்றால் என்ன என்று யாரும் அங்கே கேட்க மாட்டார்கள், மெல்பர்னில் நம்மவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

இன்னொன்று, பெரியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. "டிட் யூ பேக் திஸ் பேக் யுவர்செல்ஃப்?" என்ற கேள்விக்கு, பிள்ளைகள் உதவியிருந்தாலும் பழக்கத்தில் "யெஸ்" என்று சொல்லிவிடுவார்கள், பிறகு உள்ளே இருப்பதில் ஒன்றைக் காட்டி இது என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். யார் அடுக்கினாலும், பூட்டுவதற்கு முன் ஒரு முறை நீங்களே ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மெல்பர்னில் இருக்கும் இன்னாருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் ஒட்டிய பொட்டலம் தந்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பட்டர்வொர்த் டீச்சர்:

மருத்துவரிடம் நாளையே கடிதம் கேட்கிறேன். பூண்டையும் சீரகத்தையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ருத்திராட்சத்தை வீட்டிலேயே வைக்கிறேன். மீதமிருப்பது லேகியமும் விபூதியும். லேகியத்தை "மெடிசின்" என்று சொல்வதா, "ஃபூட்" என்று சொல்வதா?

செந்தூல் ஓய்வாசிரியர்:

"ஹெர்பல் பேஸ்ட், ஹோம்மேட், ஃபார் மை டாட்டர் ஆஃப்டர் சைல்ட்பர்த்" என்று சொல்லுங்கள், சகோதரி. அட்டையில் பாரம்பரிய மருந்தும் மூலிகையும் விதைகள், மரப் பொருள்களோடு ஒரே கேள்வியில் வரும். அங்கே "யெஸ்" குறிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் இஞ்சி, மிளகு, வெல்லத்தோடு நெய்யையும் தேனையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்; "கீ" என்று சொல்லி விளங்காவிட்டால் "கிளாரிஃபைட் பட்டர்". பால் பொருளும் தேனும் அவர்கள் குறிப்பாகப் பார்ப்பவை என்பதால், ஒருவேளை எடுத்துக்கொண்டாலும் மனம் வருந்த வேண்டாம். செய்முறை உங்கள் கையில்தானே இருக்கிறது, அங்கேயே கிண்டிவிடலாம். விபூதி "ஹோலி ஆஷ், ஃபார் பிரேயர்ஸ்". எதனால் ஆனது என்று கேட்டால் "பர்ன்ட் கவ் டங்" என்று உள்ளபடியே சொல்லிவிடுங்கள். அதிகாரியின் புருவம் சற்று உயரலாம். அதற்கு நான் பொறுப்பில்லை.